சுக்குவின் நோட்டில் நான் எழுதாமல் விட்ட மூன்று நாள்கள்

உ

கண்ணு,

வியாழக்கிழமை நீயும் பவித்ராவும் ஜீப்பில் வந்து சுக்குவை மலைக்குக் கூட்டிக்கொண்டு போகப் போகிறீர்கள். அவனுடைய மாத்திரை டப்பா, சோற்றுத் தட்டு, படுக்கிற சாக்கு எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்து வைத்துவிட்டேன். நோட்டு மட்டும்தான் இன்னும் என் மடியில் இருக்கிறது. அதற்குள் இந்தக் கடிதத்தையும் வைக்க வேண்டும் என்று காலை வேலையைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நேரில் சொல்லலாம்தான். ஆனால் நீ எதிரில் வந்து உட்கார்ந்தால், இன்னொரு தோசை போடட்டுமா, சட்னி போதுமா என்று கேட்டுக் கேட்டே நான் நழுவிவிடுவேன். அப்படி நழுவி நழுவித்தான் இரண்டு வருஷம் போய்விட்டது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு என்று உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் மளிகை கட்டி வந்த காகிதத்திலும் கோயிலில் கொடுக்கும் சின்னப் புத்தகங்களிலும்தான். மலையாள எழுத்தை பஸ் போர்டு பார்த்தே கற்றுக்கொண்டேன். கணக்கு மட்டும் யாரும் சொல்லித்தராமலே வந்தது. உன்னைப் பெற்ற வருஷத்தில் தொடங்கி, தினமும் விளக்கு வைத்த பிறகு வீட்டுக்கு வந்ததையும் போனதையும் எழுதாமல் நான் படுத்ததில்லை. மேலே ஒரு பிள்ளையார் சுழி, கீழே கணக்கு. சுழி போட்ட பக்கத்தில் பொய் எழுதக் கூடாது என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட சட்டம். அந்தச் சட்டத்தை மூன்று முறை மீறினேன். மூன்றும் சுக்குவின் கணக்கில். அது அவனுடைய உயிரைத் தொட்டுவிட்டுப் போனது. உனக்குத் தெரியாத அந்த மூன்று நாள்களைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதைச் சொல்லாமல் நோட்டை உங்கள் கையில் கொடுத்தால், மலையில் இருக்கிற புது டாக்டரும் அந்தப் பொய்யைப் பார்த்துத்தான் மருந்து எழுதுவார்.

நீ இங்கே சித்தூர் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, பஸ் ஸ்டாப்பில் கிடந்தது என்று சொல்லி அவனைப் புத்தகப் பையில் போட்டுக்கொண்டு வந்தாய். பையைத் திறந்ததும் காய்ந்த சுக்கு நிறத்தில் ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. உங்கப்பா அதைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "ஏம்புள்ளே, பையன் பரீட்சையில மார்க்கு கொண்டாருவான்னு பாத்தா, நாயில்ல கொண்டாந்திருக்கறான்" என்றார். நீ நேராக அடுப்படிக்குள் போய் என் பால் பாத்திரத்தைத் திறந்தாய். "ஒரு வாரந்தாம்மா. யாராவது கேட்டா குடுத்தறலாம்" என்றாய். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பத்தாம் நாளுக்குப் பிறகு நான் கொடுத்திருக்க மாட்டேன். நான் கோலம் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, புள்ளி வைத்து முடிக்கிறவரை அசையாமல் இருப்பான். முடிந்ததும் நடுவில் போய்ப் படுப்பான்.

முதல் முறை வலிப்பு வந்தபோது அவனுக்கு ஒன்றரை வயது இருக்கும். மத்தியானம் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தோம். தூங்கிக்கொண்டிருந்தவன் தலையைப் பின்னால் வளைத்து, நான்கு காலையும் உதைத்து, வாயில் நுரை தள்ளினான். நான் என்ன செய்தேன் என்று நினைவிருக்கிறதா? இடுப்பில் இருந்த சாவிக்கொத்தை உருவி அவன் பாதத்தில் வைத்து அழுத்தினேன். மனிதருக்கு வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். நாய்க்கும் அதுதான் என்று நினைத்துவிட்டேன். உங்கப்பா நாக்கு உள்ளே போய்விடும் என்று வாய்க்குள் விரலை விட்டார். அந்தத் தழும்பு இப்போதும் அவர் ஆள்காட்டி விரலில் இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சரஸக்கா மதில் மேலே எட்டிப் பார்த்து, "ஏனம்மிணி, வெறிநாயாட்டம் தெரியுதே. புள்ளைங்க வெளையாடற எடம். பஞ்சாயத்துல சொல்லிப் புடிச்சுட்டுப் போகச் சொல்லீருங்க" என்றாள். நீ அவள் முகத்தைப் பார்க்காமல் சுக்குவைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினாய். நான் செருப்புப் போடாமல் பின்னாலேயே வந்தேன்.

அங்கே அந்த டாக்டரம்மா மலையாளம் கலந்த தமிழில் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எனக்கு நினைவிருக்கிறது. "அம்மே, இது பேயும் இல்ல, வெறியும் இல்ல. தலைக்குள்ள கரண்ட் வந்து அடிச்ச மாதிரி. மருந்து உண்டு. பட்சே ஒரு நாள்கூட விடாம கொடுக்கணும். எப்ப வருது, எத்தனை நிமிஷம், எல்லாம் எழுதணும். எழுத ஆளுண்டா வீட்டுல?" நீ சிரித்துக்கொண்டே என்னைக் கைகாட்டினாய். அன்றைக்கு எனக்கு வந்த பெருமையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. எழுதுவதற்கு ஒருத்தர் வேண்டும் என்று ஓர் ஆஸ்பத்திரியில் என்னைத் தேடியது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததும் என் கணக்கு நோட்டிலேயே வலது பக்கத்தை அவனுக்குப் பிரித்துக் கொடுத்தேன். இடது பக்கம் பால், தேங்காய், அரிசி. வலது பக்கம் சுக்கு. வலிப்பு வராமல் போன நாளை வரவில் எழுதினேன், வந்த நாளைச் செலவில். உங்கப்பா, "நோட்டுல எழுதுனா வலிப்பு நிக்குமா?" என்று கேலி செய்தார். சரஸக்கா, "நாய்க்குப் பேரேடு போட்டவ இந்தத் தாலூக்காவுலயே நீயொருத்திதான்" என்றாள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். காலை ஆறு மணிக்குக் கோலம் போட்டு விளக்கேற்றியதும் ஒரு மாத்திரை, சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கேற்றியதும் ஒரு மாத்திரை, நேந்திரம் பழத்துண்டுக்குள் வைத்து. சாமிக்கும் அவனுக்கும் ஒரே நேரம். இத்தனை வருஷத்தில் நான் ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவிட்டதில்லை. இதில் ஒரு பொய்யும் இல்லை.

பிறகு உனக்கு எர்ணாகுளத்தில் வேலை கிடைத்தது. மெஷின் சர்வீஸ் கம்பெனி, முதல் ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார்கள். நீ என்ன செய்தாய்? சுக்குவுக்கு வந்தது என்று நான் போனில் சொன்னால் போதும், அன்றைக்கே லீவு போட்டுவிட்டு பஸ் ஏறி வந்துவிடுவாய். இரண்டு மாதத்தில் நான்கு முறை வந்தாய். கடைசி முறை திரும்பிப் போய்ப் போன் செய்தபோது உன் குரல் சின்னதாகிவிட்டிருந்தது. "மேனேஜர் கூப்பிட்டுப் பேசினாரும்மா. இன்னொரு லீவு போட்டா வேலை நிக்காதுன்னுட்டாரு. நீ ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நோட்டுப் பக்கத்த போட்டோ புடிச்சு அனுப்பு. அதப் பாத்தா எனக்கு நிம்மதியா இருக்கும்." நானும் அனுப்பினேன். விளக்கு வெளிச்சத்தில் நிழல் விழாமல் எப்படிப் படம் எடுப்பது என்றுகூடக் கற்றுக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மாரியம்மனுக்கு ஒரு மண்டலம் வேண்டிக்கொண்டேன். நாற்பத்தெட்டு நாள் நெய்விளக்குப் போடுகிறேன், இந்தப் பிராணிக்கு இது நின்றுபோக வேண்டும் என்று. வேண்டிக்கொண்ட பிறகு, விளக்குப் போடத் தொடங்குவதற்கு முன்பே இரண்டு மாதமாக அவனுக்கு வரவில்லை. அம்மன் கேட்டுவிட்டாள் என்று இருந்தேன். பதினொன்றாம் நாள் கோயிலிலிருந்து குங்குமத் தட்டோடு வீட்டுக்குள் நுழைகிறேன், அடுப்படி வாசலில் விழுந்து கிடக்கிறான். ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் இருக்கும். எழுந்து வந்து என் காலையே முகர்ந்தான். அன்று சாயங்காலம் நோட்டைத் திறந்து, சுழியைப் போட்டு, பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செலவில் எழுதினால் என்ன ஆகும்? உனக்குப் படம் போகும். நீ பஸ் ஏறுவாய். வேலை போகும். எழுதவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டேன். இருபத்தாறாம் நாளும் அப்படியே. முப்பத்தொன்பதாம் நாளும் அப்படியே.

உன் வேலைக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொண்டால் எனக்கு மரியாதையாக இருக்கும். இவ்வளவு நாள் எனக்குள்ளேயே அப்படித்தான் சொல்லிக்கொண்டும் இருந்தேன். ஆனால் இது சுழி போட்ட காகிதம். முதலில் மனதில் வந்தது உன் வேலை இல்லை, கண்ணு. என் வேண்டுதல்தான். அம்மன் செய்துவிட்டாள் என்று நான் தெருவெல்லாம் சொல்லியிருந்தேன். சரஸக்காவிடம் சொல்லியிருந்தேன், பூசாரியிடம் சொல்லியிருந்தேன். அது பொய்யாகப் போகக் கூடாது என்று அம்மனுக்காக நானே பொய்ச்சாட்சி சொன்னேன். உன் வேலை அதற்குப் பிறகு வந்து ஒட்டிக்கொண்ட காரணம்.

மண்டலம் முடிந்த வாரம் அவனைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார்கள். "நாலு மாசமா ஒண்ணுமில்லையா அம்மே? நல்லது. ரத்தம் எடுத்துப் பாத்ததுல ஈரல் கொஞ்சம் களைச்சிருக்கு. மாத்திரையக் கொஞ்சம் கொறச்சுப் பாக்கலாம். எழுதினது எல்லாம் சரிதன்னே?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்கள். அந்த ஒரு கேள்விக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். நான் "சரிங்க" என்றேன். சொல்லிவிட்டு, அவர்கள் பழைய மாத்திரைச் சீட்டில் கோடு போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாத்திரையைக் குறைத்த ஒன்பதாம் நாள் காலை எட்டு மணிக்கு வந்தது. தெளிந்து எழுந்து நிற்பதற்குள் மறுபடியும் வந்தது. மூன்றாவது தடவை வந்தபோது நிற்கவே இல்லை. உடம்பு அடுப்புப் பக்கத்துச் சுவர் மாதிரி சுட்டது. உங்கப்பா ஈரத்துண்டைப் போட்டு மூடி அவனைத் தூக்கினார். தெருவில் வண்டி இல்லை. சரஸக்கா மகனுடைய ஆட்டோதான் நின்றது. கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை. அவளே உள்ளே இருந்து சத்தம் போட்டாள். "டேய், சோறு அப்பறம் திங்கலாம். மொதல்ல அந்த வாயில்லாச் சீவனக் கொண்டு போடா." வண்டி போகும்போது உங்கப்பா அவன் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "சித்தெ பொறுத்துக்க சாமி, ஆச்சு, ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். உன்னைக்கூட அவர் சாமி என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஊசி போட்டு நின்றது. நின்றபிறகு மேசை மேல் அவன் கிடந்த கிடையைப் பார்த்துவிட்டு நான் டாக்டரம்மா முன்னால் போய் நின்றேன். "நோட்டு சரியில்லீங்க. நடுவுல மூணு வாட்டி வந்துதுங்க. நாந்தான் எழுதலீங்க" என்றேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்கள். "அம்மே, நான் இவனைப் பாத்து மருந்து கொறைக்கல. உங்க நோட்டைப் பாத்துத்தான் கொறைச்சேன். இவனுக்கு வாய் இல்லல்லோ. நீங்க எழுதறதுதான் இவன் பேசறது" என்றார்கள். அவ்வளவுதான். பழைய அளவையே திரும்பவும் எழுதி, கூட இன்னொரு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

இரண்டு நாள் அவனுக்குக் கண் தெரியவில்லை. சுவரில் முட்டிக்கொண்டே நடந்தான். என்னை யாரென்று தெரியாமல் பின்வாங்கினான். மூன்றாம் நாள் காலையில் நான் கோலம் போட உட்கார்ந்தபோது பின்னால் நகச் சத்தம் கேட்டது. வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். புள்ளி வைத்து முடிக்கிறவரை அசையவில்லை. முடிந்ததும் நடுவில் போய்ப் படுத்தான். நான் அங்கேயே மாவுக் கையோடு அழுதேன். அன்று கோயிலுக்குப் போய் நின்றபோது வேண்டிக்கொள்ள ஒன்றும் இல்லை. என்னை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவே இல்லையே என்றுதான் தோன்றியது. அம்மன் பெயரை நான் காப்பாற்ற வேண்டியதில்லை. நான் காப்பாற்ற வேண்டியது ஆறு மணி மாத்திரையை.

உனக்குப் போனில், "ஒரு வாட்டி கொஞ்சம் பலமா வந்துச்சு, இப்பத் தேவலை" என்றேன். அடுத்த மாதம் நீ வந்து அவன் தாடையில் இருந்த காயத்தைப் பார்த்துக் கேட்டபோது, ஆட்டுக்கல்லில் இடித்துக்கொண்டான் என்றேன். உங்கப்பா அப்போது எழுந்து வெளியே போனார். அவருக்குப் பொய் சொல்ல வராது, என்னைக் காட்டிக்கொடுக்கவும் வராது. அதற்குள் உனக்கு வேலையும் நிரந்தரமாகிவிட்டது. ஏலக்காய் உலர்த்துகிற மெஷின்களைப் பார்க்க மலையில் உடும்பஞ்சோலைப் பக்கம் அனுப்பினார்கள். அங்கே ஏலக்காய் ஸ்டோரில் எடை எழுதுகிற பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று வந்து நின்றாய். எல்லாம் நல்லபடியாகத்தானே போகிறது, பழையதைக் கிளறுவானேன் என்று நானும் இருந்துவிட்டேன்.

கல்யாணம் முடிந்த நாலாம் நாள், வாடகைப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க நீயும் உங்கப்பாவும் கொல்லங்கோட்டுக்குப் போயிருந்தீர்கள். நான் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தேன். பவித்ரா அடுப்படியில் தரையில் உட்கார்ந்து, சுக்குவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பழைய நோட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள். இனிமேல் நான்தானே எழுதணும் என்று அவளே கேட்டு வாங்கினாள்.

"அத்தை, பாலு தெனம் ஒரு லிட்டருதான?"

"ஆமாம்மிணி."

"இவனுக்கு வந்த அன்னைக்கெல்லாம் ஒன்றரைன்னு இருக்கு."

"எந்திரிச்சதும் பசியில பறப்பான். சோத்துல பால் ஊத்திப் பெசஞ்சு வெப்பேன்."

இன்னும் சில பக்கங்களைத் திருப்பினாள். பிறகு, "இந்த ஆடி ஆவணியில மூணு நாளு ஒன்றரைன்னு இருக்கே. இவன் பக்கம் வெறுசா கெடக்கு. விருந்தாளி வந்தாகளா?"

"ஆமா, விருந்தாளிதான்" என்றேன். பருப்பைக் கிண்ட வேண்டிய அவசியமே இல்லை, கிண்டினேன்.

அவள் தலையைத் தூக்கவில்லை. அவன் காதைத் தடவிக்கொண்டே, "ஒரே விருந்தாளி மூணு தடவ வந்திருக்காரு போல" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் நின்றது. அப்படியே அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டு முடித்துவிட்டு அவள் சொன்னாள்: "ஸ்டோருல பச்சைக்காய் எடை ஒரு பக்கம், காஞ்ச காய் எடை ஒரு பக்கம் எழுதுவோம் அத்தை. ஒண்ண மறைச்சா இன்னொண்ணு காட்டிக் குடுத்துரும். நான் அவுககிட்ட சொல்லமாட்டேன். நீங்களே சொல்லிருங்க. எங்கிட்டருந்து தெரிஞ்சா நம்ம ரெண்டு பேரு மேலயும் கோவப்படுவாக. இப்பவே நான் திட்டு வாங்கணுமா? கல்யாணம் ஆகி நாலு நாளுதான ஆகுது." பருப்பு அடிப்பிடித்துவிட்டது. அன்றைக்கு ரசத்தில் தீய்ந்த வாசனை வருகிறது என்று நீ சொன்னாயே, அது இதுதான்.

இன்னொன்றும் உண்டு. மலைக்குளிர் சுக்குவுக்கு ஆகாது, வலிப்பு கூடிவிடும் என்று டாக்டரம்மா சொன்னதாகச் சொன்னேனே, அதுவும் என் சொந்தச் சரக்கு. குளிர் ஒன்றும் செய்யாது, மாத்திரை தவறக் கூடாது, அவ்வளவுதான் என்றார்கள். நீ வேலைக்குப் போன பிறகு இந்த வீட்டில் என் பின்னாலேயே நடந்து வருகிற சத்தம் அவனுடையது ஒன்றுதான். அதையும் எடுத்துக்கொண்டு போகிறாயே என்று ஒரு சின்னப் பொறாமை. நீ கண்டெடுத்த பிள்ளை, உன்னிடம் வருவதுதான் நியாயம். உன்னைக் கண்டால் அவனுக்கு வால் மட்டும் ஆடுவது இல்லை, இடுப்பிலிருந்து பின்பாதி முழுவதும் ஆடுகிறது. நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

இதுவரை எழுதிவிட்டுக் கடிதத்தை மூடிவைத்துவிட்டு எழுந்துபோக வேண்டியதாகிவிட்டது, கண்ணு. இப்போதுதான் கை கழுவிவிட்டு வந்து உட்காருகிறேன். நான் எழுதிக்கொண்டிருக்கும்போது என் கால்மாட்டில் தூங்கிக்கொண்டிருந்தவனுக்கு வந்துவிட்டது. சுவர்க்கடிகாரத்தில் பத்து இருபது. ஸ்டூலை நகர்த்தினேன், ரேடியோவை நிறுத்தினேன், தலைக்கடியில் சாக்கை மடித்து வைத்தேன். பிறகு எண்ணிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிஷம் பத்து விநாடி. எழுந்து தள்ளாடி இரண்டு சுற்றுச் சுற்றி, தண்ணீர்ப் பாத்திரத்தைத் தட்டிவிட்டு, என் முந்தானையில் மூக்கைத் துடைத்தான். அறுபத்தோரு நாளுக்குப் பிறகு இன்று. சரியாக நான் இதை எழுதுகிற நாளில்.

தரையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது என் மனதில் என்ன ஓடியது என்பதையும் எழுதிவிடுகிறேன். அன்று வந்ததை வரவில்லை என்றேன். இன்று ஒரு நிமிஷத்தை நான்கு நிமிஷம் என்று எழுதினால் போதும். நீ பயந்துபோய், இன்னும் ஒரு மாதம் அங்கேயே இருக்கட்டும்மா என்பாய். ஒரு மாதம் மழைக்காலம் ஆகும், மழைக்காலம் தீபாவளி ஆகும். அவன் இங்கேயே இருந்துவிடுவான். யாருக்கும் தெரியாது. பாலைக்கூட சரியாக ஒன்றரை லிட்டர் என்று எழுதிக்கொள்ளலாம். துணியைப் பிழிந்து போடுகிற வரைக்கும் இந்த யோசனை என்கூடவே இருந்தது. பிறகு நோட்டை எடுத்து, செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது, ஒரு நிமிஷம் பத்து விநாடி, தூக்கத்தில், தானாகத் தெளிந்தது என்று எழுதினேன். எழுதிவிட்டுத்தான் போனை எடுத்தேன். நீ மெஷினுக்குள் கையை விட்டுக்கொண்டிருப்பாய் என்று பவித்ராவைக் கூப்பிட்டேன்.

"எத்தன நிமிசம் அத்தை?"

"ஒண்ணு பத்து."

"எந்திரிச்சுட்டானா?"

"பாலுஞ்சோறும் தின்னுட்டு இருக்கறான்."

"எழுதிட்டீங்களா?"

"எழுதீட்டேன் அம்மிணி."

"அப்பச் சரி, வியாழக்கெழம வர்றோம். இங்கிட்டு டாக்டரப் பாத்துப் பேசிட்டேன். அவரு நாயக் கூட்டிட்டு வான்னு சொல்லல அத்தை, மொதல்ல நோட்டக் கொண்டான்னுதான் சொன்னாரு."

ஆகையால் நோட்டில் அந்த மூன்று நாள்களையும் சிவப்பு மையில் எழுதிச் சேர்த்திருக்கிறேன். எவ்வளவு நேரம் வந்தது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்த அளவுக்கு எழுதினேன். தெரியாததைத் தெரியவில்லை என்றே எழுதினேன். ஒன்பதாம் நாள் நடந்ததும் இருக்கிறது. படித்துவிட்டு உனக்குக் கோபம் வரும். வரட்டும். இரண்டு நாள் பேசாமல் இரு. ஆனால் அந்தக் கோபத்தில் அவனுக்கு ஆறு மணி மாத்திரையை மறந்துவிடாதே.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் பெற்றவள் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். வரும்போது பிடித்து அழுத்தாதே, வாய்க்குள் விரல் விடாதே, உங்கப்பா விரல் ஒன்று போதும். சாவியும் வேண்டாம். பக்கத்தில் இருக்கிற பொருளை நகர்த்திவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார். ஐந்து நிமிஷம் தாண்டினாலோ, ஒன்று முடிந்து தெளிவதற்குள் இன்னொன்று வந்தாலோ யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடு. பெரும்பாலும் அது வேண்டியிருக்காது. பெரும்பாலும் நாம் பயப்படுகிற நேரத்தைவிட அது குறைவாகத்தான் இருக்கிறது. எண்ண ஆரம்பித்த பிறகுதான் எனக்கு அது தெரிந்தது. எண்ணாத காலத்தில் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் மாதிரி இருந்தது. நல்லபடியாக இருக்கிற நாள்களையும் எண்ணிப் பார். போன வருஷ நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். செலவில் ஏழு நாள். மீதி முழுவதும் வரவு. கோலத்தில் படுத்த நாள், அணிலைத் துரத்திய நாள், உங்கப்பா செருப்பைக் கடித்த நாள். ஏழு நாளைப் பார்த்துப் பயந்து அத்தனை நாளையும் நான் பாதி மனசோடு வாழ்ந்திருக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் அப்படி வாழாதீர்கள்.

பவித்ராவிடமும் இப்படித்தான் இரு. அவள் வருத்தப்படக் கூடாது என்று நினைத்து நீ எதையாவது மறைத்தால், நீ என் பிள்ளைதான் என்று எனக்குத் தெரிந்துவிடும். அவள் பால் கணக்கைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவள். உன்னால் அவளிடம் தப்பிக்க முடியாது. அதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகவும் இருக்கிறது.

பையில் புது நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் சுழி மட்டும் போட்டிருக்கிறேன். தேதியை அவள் எழுதட்டும். விளக்கேற்றுகிற நேரத்தில் மாத்திரை கொடுங்கள், கை தானாகப் பழகிவிடும். மலையில் நேந்திரம் பழம் கிடைக்காத நாளில் இட்லித் துண்டும் தின்பான், ஆனால் மாத்திரையை மட்டும் தனியாகத் துப்பிவிடுவான், பார்த்துக் கொடு.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. நீ எர்ணாகுளத்தில் உட்கார்ந்து பார்த்த மாதிரி நான் இங்கே உட்கார்ந்து பார்ப்பேன். அம்மாவுக்குக் கவலையாக இருக்குமே என்று ஒரு வரியைக்கூட விட்டுவிடாதே, சாமி. இடது பக்கத்தில் பால் எவ்வளவு என்பதையும் சேர்த்தே படம் எடு. நானும் ஒத்துப் பார்ப்பேன்.

அம்மா